களஞ்சியத்திலிருந்து அடுப்பு வரை: நாஞ்சில் நாட்டின் உணவு வரலாறு நமக்குச் சொல்வது



மழை பொய்த்தால் பஞ்சம் வரும் என்பதை யாவரும் அறிவோம். ஆனால் தானியம் ஓரிடத்தில் குவிந்திருக்க, அதற்கு உரியவர் சில கல் தொலைவில் பசித்திருந்த காலங்களும் வரலாற்றில் பல உண்டு. விளைச்சலுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை யார் நடப்பது, யார் சுமப்பது என்பதே உணவு வரலாற்றின் பாதி. இராஜாக்கமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து அதைச் சற்று பார்ப்போம்.

நெல் விளைந்த மண்ணும் விளையாத கரையும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களையும் சேர்த்து நாஞ்சில் நாடு என்பர். பழையாற்றுப் பாசனமும், 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரும் இம்மண்ணைச் செழிக்கச் செய்தன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்ற பெயரும் இதற்கு நிலைத்தது.

இந்நாட்டின் தென்மேற்கு விளிம்பில், நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் இராஜாக்கமங்கலம் இருக்கிறது. ஒருபுறம் வயலும் தோப்பும். மறுபுறம் இராஜாக்கமங்கலம் துறையும் அரபிக் கடலும். கரையோர மணலில் தென்னையும் பனையும் நிற்கும், நெல் நிற்காது. வலை வீசுவோர், பனை ஏறுவோர், கயிறு திரிப்போர் ஆகியோரின் அரிசி எந்நாளும் வேறிடத்திலிருந்தே வரவேண்டியிருந்தது. கடவத்தில் மீன் சுமந்த பெண்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நடந்துசென்று விற்று, அரிசியுடன் திரும்பினார்கள். கோட்டாறு, இடலாக்குடி, இளங்கடைப் பகுதிகளில் வாழ்ந்த நம் முன்னோரில் பலரும் வணிகத்தாலும் கைத்தொழிலாலும் பிழைத்தவர்களே. ஆகவே களஞ்சியத்தின் அருகில் வாழ்ந்ததனால் மட்டும் எல்லார் வீட்டிலும் சோறு பொங்கிவிடவில்லை.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பெரிதும் ஊக்குவித்தார். கொல்லையில் தோண்டி எடுக்கும் கிழங்குக்குக் கடையும் வேண்டாம், சந்தையும் வேண்டாம். மரச்சீனியும் சாளை மீனும் ஏழையின் உணவாக வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கப்பல் நின்ற ஆண்டு

திருவிதாங்கூரில் தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர் ஆகியவை பெருகப் பெருக, நெல்லுக்கு அயலாரை எதிர்பார்க்கும் நிலையும் வளர்ந்தது. அரிசித் தேவையின் கணிசமான பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியதும் அந்தக் கப்பல்கள் நின்றன. திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியில் உழவர்களிடமிருந்து நெல் கட்டாயமாகக் கொள்முதல் செய்யப்பட்டது. பங்கீட்டு அட்டை மூலம் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. 1943, 1944ஆம் ஆண்டுகளில் திருவிதாங்கூர் மக்கள் பட்ட பசியையும் சத்துக் குறைவால் வந்த நோய்களையும் கே. ஜி. சிவசாமி தனி நூலாகவே எழுதினார்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. களஞ்சியம் இப்பக்கம் வந்தது. அதை நம்பியிருந்த மக்களில் பெரும்பாலோர் அப்பக்கம் இருந்தார்கள். 1957இல் தென்மாநிலங்கள் ஒரே உணவு மண்டலமாக இருந்தபோது அரிசி தடையின்றிச் சென்றது. 1964இல் மாநிலத்துக்கு ஒரு மண்டலம் என்று பிரித்ததும் களியக்காவிளைச் சாலை ஒரு வேலியாக மாறியது. நேற்றுவரை வணிகம் எனப்பட்டது இன்று கடத்தல் எனப்பட்டது. அந்தக் கடத்தல், பங்கீட்டு அரிசியின் வடிவில், இன்றும் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறது.

மதீனாவின் பங்கீட்டுச் சீட்டு

இங்கே நம் தீனின் வரலாற்றுக்குத் திரும்புவோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு அரபகத்தில் கடும் பஞ்சம் வந்தது. மண்ணெல்லாம் சாம்பல்போல் ஆனதால் அதை ‘ஆமுர் ரமாதா’ என்பர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்; ஷாம் நாட்டிலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள் ஒட்டகங்களில் உணவு அனுப்பினார்கள். மக்கள் நெய்யைக் காணும்வரை தாமும் நெய் தொடுவதில்லை என்று கலீஃபா உறுதி பூண்டார்கள்.

பின்னர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், நைல் நதியைச் செங்கடலுடன் இணைத்த பழைய கால்வாயைத் தூர்வாரிச் சீர்செய்தார்கள். எகிப்தின் தானியம் கப்பலேறி மதீனாவுக்குரிய துறைமுகமான அல்ஜாருக்கு வந்தது. அந்த உணவில் இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிய சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. ‘ஸக்’ என்பது அச்சீட்டின் பெயர், பன்மையில் ‘ஸுகூக்’. நம் குடும்ப அட்டையின் மூத்த உறவு என்று அதைச் சொல்லலாம்.

அந்தச் சீட்டுக்கு நேர்ந்ததைக் கவனியுங்கள். மர்வான் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், உணவு கைக்கு வருமுன்பே மக்கள் சீட்டை விற்றார்கள். வாங்கியவர் அதை மற்றொருவருக்கு விற்றார். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, இது வட்டியை ஆகுமாக்குவதாகாதா என்று கண்டித்தார்கள். மர்வான் காவலர்களை அனுப்பி, வாங்கியவர்களின் கைகளிலிருந்து சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வணிகப் பாடத்தில் இச்செய்தி இருக்கிறது. உணவைக் கைப்பற்றுமுன் விற்கலாகாது என்ற சட்டத்துக்காக மதரஸாக்களில் இதை ஓதிக் கொடுக்கிறோம்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. உணவு துறைமுகத்தில் இருக்கிறது. சீட்டு மதீனாவில் இருக்கிறது. போய் எடுத்துவர ஒட்டகமும் வலுவும் இல்லாத ஏழையின் உரிமை, அவை உள்ளவனுக்கு எளிதில் விலைபோகும். தொலைவு, உரிமையைச் சரக்காக்கிவிடுகிறது. களியக்காவிளையில் பிடிபடும் மூட்டைகளிலும் இந்தக் கதை இல்லாமல் இராது.

அட்டை வந்தது, தொலைவு எவ்வளவு குறைந்தது?

தமிழகத்தில் 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தை முதலில் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கியது. ஊர்ப்புறத்தான் விளைவிப்பவன், அவனுக்கு அரிசிக்கு என்ன குறை என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. துறையில் வாழ்ந்தவனுக்கும் நிலமற்ற கூலிக்கும் அந்த எண்ணம் பொருந்தவில்லை. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களின் வழியே கடைகள் சிற்றூர்களுக்கும் வந்தன. 1997இல் நடுவண் அரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும் தமிழகம் பொதுவான பங்கீட்டைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே கிடைக்கிறது.

ஓர் அட்டைதாரர் 1.5 கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரக்கூடாது என்பது அரசின் நோக்கம். அது நல்ல நோக்கம். ஆயினும் 20 கிலோ அரிசியைத் தலையில் வைத்த மூதாட்டிக்கு 1.5 கிலோமீட்டரின் நீளம் வேறு. பருப்பு ஒரு நாளும் பாமாயில் மற்றொரு நாளும் வந்தால் அதே வழி இருமுறை. ஆட்டோ பிடித்தால் இலவச அரிசிக்கும் விலை உண்டாகிவிடுகிறது. விரல் ரேகை பதிய வேண்டும் என்றான பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்தனுப்பும் பழைய வசதியும் குறைந்தது. இதற்கிடையில் நாஞ்சில் நாட்டு வயல்கள் வாழைத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவருகின்றன. அறுவடைக் களத்தில் கூலி நெல் வாங்கிய குடும்பமும் இப்போது கடையையே நம்புகிறது.

அரசு இதை அறியாமல் இல்லை. 2020 செப்டம்பரில் 3,501 நகரும் நியாய விலைக் கடைகள் தொடங்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம், 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுசெல்லத் தொடங்கியது. உணவு மனிதனைத் தேடிப் போக வேண்டும் என்ற கருத்து இவற்றில் இருக்கிறது.

மூட்டையைச் சுமந்தவர்

அந்தக் கருத்து நமக்குப் புதியதன்று. உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவுக்கு வெளியே, வெறும் நீரை அடுப்பில் கொதிக்கவைத்துப் பிள்ளைகளை ஆற்றிக்கொண்டிருந்த ஒரு தாயைக் கண்டார்கள். உடனே பொதுக் களஞ்சியத்துக்கு விரைந்து மாவும் கொழுப்பும் எடுத்துத் தம் முதுகில் ஏற்றச் சொன்னார்கள். உடன் சென்ற அஸ்லம் தாம் சுமப்பதாகக் கூறியபோது, மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயோ என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். அப்பெண்ணை மதீனாவுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. தாமே சுமந்து சென்று, சமைத்துக் கொடுத்து, பிள்ளைகள் சிரிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ரா ஏழையின் கையில் சேரவேண்டும் என்ற கட்டளையிலும் இதே கவனம் உண்டு. 2001 முதல் ரமளானில் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கென அரிசி தருகிறது. அக்கஞ்சியை வாளியில் வாங்கி, நடக்க இயலாதவரின் வீட்டில் சேர்க்கும் சிறுவர்களை எல்லா ஊரிலும் காண்கிறோம். ஒரு மாதம் செய்வதை மற்ற பதினொரு மாதமும் செய்வது ஜமாஅத்துக்குக் கடினமன்று.

ஒவ்வொரு மஹல்லாவிலும் தனித்து வாழும் முதியோர், இத்தாவில் இருக்கும் பெண்கள், நோயாளிகள் ஆகியோரின் பட்டியல் ஒன்று வேண்டும். கடைக்குச் செல்ல இயலாதவர் தமக்குப் பதிலாக மற்றொருவரை நியமிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுக்க, படித்த பிள்ளைகள் உதவவேண்டும். இரு சக்கர வண்டி வைத்திருக்கும் இளைஞர் பத்துப் பேர் முன்வந்தால் ஓர் ஊரின் சுமை குறையும். அந்தப் பட்டியலில் முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற பிரிவு வேண்டாம். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவன் முழுமையான முஃமின் ஆகான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அண்டை வீட்டானின் மார்க்கத்தைக் குறிப்பிடவில்லை.

அல்லாஹ் நம் வயல்களில் பரக்கத் செய்வானாக! பிறர் சுமையைத் தூக்கும் வலுவை நம் தோள்களுக்குத் தருவானாக! ஆமீன்.