பேஸ் கிட்டாரும் யெஸ் இசைக்குழுவும்: கொங்கு வட்டாரத்துக் கேட்பனுபவம்

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகளைக் கொண்ட மின் இசைக்கருவி. சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' இக்கருவியைப் பரவலாக்கியது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் செய்துவந்த வேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு செய்ய முடிந்தது. சுரமானி வைத்துப் பாடம் நடத்திய என் போன்ற அறிவியல் ஆசிரியர்களுக்கு இதன் தத்துவம் பழகியதே: கம்பி நீளமாகவும் கனமாகவும் இருந்தால் அதிர்வெண் குறையும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது.

இந்த 41 என்ற எண்ணில்தான் சிக்கல் இருந்தது. 1970-களில் கோவை வட்டாரத்தில் திரைப்பாட்டு என்றால் பெரும்பாலும் வானொலிதான். டிரான்சிஸ்டர் பெட்டியின் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர இயலாது. பேஸ் வாசிக்கப்பட்டது, நம் காதுக்குத்தான் வந்து சேரவில்லை. மரபும் ஒரு காரணம். கருநாடக இசையில் தம்புரா சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நிலைத்து நிற்கும். பாட்டோடு சேர்ந்து நகராது. மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு நடந்துகொண்டிருக்கும் என்று காத்திருந்து கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவை தனியார் பேருந்துகள். கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் ஓடிய வண்டிகளில் நல்ல 'செட்' வைத்திருப்பது ஒரு கௌரவம். எந்த வண்டியில் பாட்டு நன்றாக இருக்கும் என்று பார்த்து ஏறியவர்கள் உண்டு. நானும் இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதற்காக நின்றிருக்கிறேன். பெரிய ஒலிபெருக்கியில் கேசட் ஓடும்போது, பாடகர் குரலுக்குக் கீழே ஒன்று தனியாக நடந்து போவது தெரிந்தது. அதற்குப் பெயர் பேஸ் என்று அப்போது தெரியாது.

கேட்டவை இளையராஜாவின் பாடல்கள். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தில் அறிமுகமான அவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர். தாமே கிட்டார் கலைஞர். பாக் போன்றோரின் இசையில் கீழ்க்குரல் மேல்குரலுக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. அதற்கென்று சொந்தப் போக்கு உண்டு. அந்த இலக்கணத்தை இளையராஜா திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் புகழ்பெற்ற கிட்டார் பாடலை எல்லோரும் கிட்டாருக்காகவே கேட்கிறார்கள். அடுத்த முறை கீழே நடப்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். 1986-இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பாக், தியாகராசர் இருவருக்கும் அவர் வெளிப்படையாகவே வணக்கம் செலுத்தினார்.

யெஸ் குழுவை நான் கேட்டது பணி ஓய்வுக்குப் பிறகு, காதுக்குள் பொருத்தும் ஒலிபெருக்கியில். பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குவயரும் 1968-இல் லண்டனில் தொடங்கிய குழு இது. இவர்களது இசைவகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர். 'முற்போக்கு ராக்' என மொழிபெயர்த்தால் ஏதோ கட்சிப் பாட்டு என்று எண்ணத் தோன்றும். விரிவாக்க ராக் என்று கொள்வது பொருத்தம். 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972) தொகுப்பின் தலைப்புப் பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், 18 நிமிடத்துக்கு மேல், எடுத்துக்கொள்கிறது.

ஸ்குவயர் (1948–2015) சிறுவனாகத் தேவாலயப் பாடற்குழுவில் பாடியவர். அவர் ரிக்கன்பேக்கர் கருவியை விரலால் அன்றி மீட்டுவில்லையால் வாசித்தார். அதன் இரண்டு பிக்கப்களின் ஒலியையும் தனித்தனிப் பெருக்கிகளுக்கு அனுப்பினார்: தாழ்ந்த ஒலி ஒன்றில், கூர்மையான ஒலி மற்றொன்றில். அதனால் அவர் பேஸ் சிறிய ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்கும். டிரான்சிஸ்டர் காலத்தில் நமக்கு வந்திருக்க வேண்டிய பேஸ் இது. 'ஃபிரஜைல்' (1971) தொகுப்பில், பேஸ் கிட்டாரின் வெவ்வேறு ஒலிகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் உருவாக்கிய ஒரு பகுதியும் உண்டு.

இக்குழுவுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலில் சாத்திரங்களின் நால்வகைப் பிரிவு பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்த ஆண்டர்சன், அதைக் கொண்டே 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973) என்னும் இரட்டை இசைத்தட்டை வடிவமைத்தார். சுருதி, சுமிருதி, புராணம், தந்திரம் என நான்கு பக்கங்கள். 80 நிமிடத்துக்கு மேல். கடைசிப் பக்கத்தில் ஸ்குவயரின் தனி ஆவர்த்தனம் வருகிறது. இத்தொகுப்பு பிடிக்காமல் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மன் 1974-இல் குழுவைவிட்டு விலகினார். என் கருத்தில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓர் அடிக்குறிப்புக்கு 80 நிமிடம் அதிகம்.

இரண்டு மரபுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்குவயர் தம் பகுதியைத் தாமே அமைத்தார். இளையராஜாவோ பேஸ் உட்பட ஒவ்வொரு கருவிக்கும் முழு இசைக்குறிப்பை எழுதிக் கொடுப்பவர். ஆயினும் தாளில் இருப்பது சுரம் மட்டுமே. அதை எவ்வளவு நேரம் பிடித்திருப்பது, எங்கே விடுவது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. பல்லாண்டுகள் அவர் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் பேஸ் வாசித்தவர்களுள் கீத் பீட்டர்ஸ் குறிப்பிடத்தக்கவர். அக்காலத்துக் குறுந்தகடுகளில் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கம் வந்துவிட்டது.

ஸ்குவயரின் பெயர் 1969-இல் வந்த முதல் இசைத்தட்டின் உறையிலேயே இருக்கிறது. என்னிடம் உள்ள 1980-களின் தமிழ்க் கேசட் உறைகளில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் உள்ளன. சசிதரன் என்ற பெயரை நான் அறிந்தது, பொள்ளாச்சி வண்டியில் அவர் வாசிப்பைக் கேட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து.