மாவுச்சத்துனு நினைச்ச புரதம்: ஒரு குட்டி த்ரெட்

அல்சைமர் மூளையில படியுற 'அமிலாய்டு'ங்கிற பேரே தப்பா வந்ததுங்க. 1854-ல ருடால்ஃப் விர்ஷோ மூளைத் திசுவுல அயோடின் விட்டார். நிறம் மாறுச்சு. மாவுச்சத்துனு நினைச்சு அந்தப் பேரை வைச்சார். 1859-ல ஃப்ரீட்ரைக்கும் கெகுலேவும் (பென்சீன் வளையம் கெகுலேதான்!) மண்ணீரல் படிவைச் சோதிச்சு, புரதம்னு சொன்னாங்க. பேர் மட்டும் மாறல.

1906-ல அலோயிஸ் அல்சைமர், 51 வயசுல மறதியோட வந்து இறந்துபோன ஒரு பெண்ணோட மூளையில இந்தப் படிவைப் பார்த்தார். அது என்ன புரதம்னு தெரிய 1984 ஆச்சு.

அது எல்லார் மூளையிலயும் உருவாகிற சின்னத் துண்டுதான். சிலது நீட்டி நிமிர்ந்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இழையாகுது. முதல் அடுக்கு உருவாகத்தான் தாமதம். அப்புறம் பாலில் உறைமோர் விட்ட கதை.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல வளையலாம்னு 1963-ல வரைபடம் போட்டது நம்ம சென்னைப் பல்கலைக்கழகம்: ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். அமிலாய்டு இழையோட நீண்ட வடிவத்துக்கும் அதுல இடம் இருக்கு. ராமச்சந்திரனுக்கே கடைசிக் காலத்துல பார்கின்சன் நோய். அதுலயும் வேறொரு புரதம் இதே மாதிரிதான் இழையாகுது. 2001-ல காலமானார். எனக்கு இது இன்னும் மனசை உறுத்தும்.

அறிகுறி தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே படிவு தொடங்கிடும். பல வருஷமா கிரிவலம் போன அப்பா பாதையில திசை தடுமாறினா, "வயசாயிடுச்சு"னு விட்டுடாதீங்க. பி12 குறைவு, தைராய்டு குறைவாலயும் மறதி வரும். அதுக்கு மருந்து இருக்கு. பக்கத்து ஜி.எச்.க்குக் கூட்டிட்டு வாங்க.