துளை குறையாகவும் பயனாகவும்: சிங்கப்பூர்ச் சூளைகள் முதல் வெப்பவாயு வடிகட்டிகள் வரை

முன்னுரை

சிங்கப்பூரின் வடமேற்கே அமைந்த புக்கிட் பாஞ்சாங் என்னும் பெயருக்கு மலாய்மொழியில் ‘நீண்ட குன்று’ என்பது பொருள். இப்பகுதியும் அதனை அடுத்த புக்கிட் தீமாவும் கருங்கல் நிலத்தின்மேல் அமைந்தவை. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் மழையாலும் வெப்பத்தாலும் நெடுங்காலம் சிதைந்து களிமண்ணாக மாறுகிறது. கல்லாக நின்றதை உடைத்துச் சாலைக்கும் கட்டடத்திற்கும் சல்லியாக்கினர். களிமண்ணைச் சூளையில் இட்டுச் செங்கல்லாகவும் கலமாகவும் ஆக்கினர். இத்தீவின் தொழில் வரலாற்றில் கல்லுடைப்போரைப் பற்றியும் செங்கல் சுட்டோரைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆயின், சுடுமண்ணின் அறிவு அவர்களோடு முடிந்துவிடவில்லை. ஆலைகளின் கொதிக்கும் புகையைத் தூய்மையாக்கும் நுண்துளைச் சுடுமண் வடிகட்டிகள் அவ்வறிவின் அண்மைக்காலக் கிளையே என்பதையும், அவ்வளர்ச்சியில் யாருடைய நலம் முதலில் கருதப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழரும் சிங்கப்பூர்ச் சூளைகளும்

1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். கொத்தர்களையும் தச்சர்களையும் பினாங்கிலிருந்து வரவழைத்துக் கட்டுமானத் தொழிலைத் தொடங்கினார். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலை 1827இல் நிறுவியவரும் இவரே.

1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை, வங்காளம், பம்பாய் எனப் பல மாநிலங்களைச் சேர்ந்தவர் அவருள் இருந்தனர். 1858இல் சிராங்கூன் சாலையில் அரசு செங்கற்களம் ஏற்படுத்தப்பட்டபோது மண் பிசைந்தும் அச்சிட்டும் சூளை மூட்டியும் உழைத்தவர் இவர்களே. அச்செங்கற்களுக்கு 1867இல் ஆக்ராவில் நடைபெற்ற பொருட்காட்சியில் பதக்கம் கிடைத்தது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் கைதிகளின் உழைப்பால் எழுந்ததாகும். அதன் சுவர்களில் பூசப்பட்டது ‘சென்னைச் சுண்ணாம்பு’ என்னும் சாந்து. வீரமாகாளியம்மன் கோயிலைச் சுற்றிய பகுதியைத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று வழங்கியதும் அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளால்தான். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதி ஒரு காலத்தில் புகை சூழ்ந்த ஊராக இருந்தது என்பதை அப்பெயர் நமக்கு உணர்த்துகிறது.

குறை பயனான வரலாறு

களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள நீர் வெளியேறுகிறது. மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆயினும் அவற்றிடையே நுண்ணிய இடைவெளிகள் எஞ்சுகின்றன. செங்கல் செய்வோருக்கு இவ்விடைவெளி ஒரு குறை. நீரில் ஊறிய செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது என்பது இந்தியக் கட்டுமானத் துறையில் கடைப்பிடிக்கப்படும் அளவுகோல். துளை மிகுந்தால் வலிமை குறையும்.

குயவருக்கோ அதே துளை பயனாயிற்று. மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. களிமண்ணில் உமியைக் கலந்து சுட்டால் உமி எரிந்துபோய், அது இருந்த இடம் துளையாக நிற்கும் என்பதும் பழந்தொழிலாளர் அறிந்த செய்தியே. எரிந்து மறையும் பொருளைக் கலந்து துளையை உண்டாக்கும் இம்முறை இன்றைய ஆலைகளிலும் வழக்கில் உள்ளது. மாவுப்பொருள், மரத்தூள் முதலியன உமியின் இடத்தைப் பெற்றுள்ளன. வேறுபாடு யாதெனில், துளையின் அளவும் பரவலும் இப்போது திட்டமிட்டு அமைக்கப்படுகின்றன.

வெப்பவாயுவும் சுடுமண் குழாயும்

ஆலைப் புகையிலுள்ள தூசியைத் துணிப்பைகளால் வடிகட்டலாம். ஆனால் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் துணி தாங்காது. புகையைக் குளிரவைத்து வடிகட்டினால் அதன் வெப்ப ஆற்றலில் ஒரு பகுதி வீணாகலாம். நிலக்கரியை அழுத்தத்தில் எரித்தோ வாயுவாக்கியோ சுழலியை இயக்கும் மின்நிலையங்களில் இச்சிக்கல் கூர்மையடைந்தது. தூசியோடு வாயுவைச் செலுத்தினால் சுழலியின் இதழ்கள் தேய்ந்துபோகும்.

இதற்கு விடையாக வந்ததே ‘கேண்டில்’ வடிகட்டி. நம் இல்லங்களில் நீர் வடிகட்டப் பயன்பட்ட கேண்டிலை ஒத்த வடிவுடையது இது; ஆனால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமானது. சிலிக்கன் கார்பைடு மணிகளைக் களிமண் சார்ந்த பிணைப்பொருளோடு சேர்த்து, ஒருமுனை மூடிய குழாயாக அழுத்திச் சுடுவர். புறப்பரப்பில் இன்னும் நுண்ணிய துளைகளையுடைய படலம் ஒன்றை அமைப்பர். வாயு வெளியிலிருந்து உள்ளே செல்ல, தூசி புறத்தே படியும். படிந்ததை உள்ளிருந்து பாய்ச்சும் அழுத்தக்காற்று அவ்வப்போது உதிர்த்துவிடும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிட் மின்நிலையத்தில் 1992 முதல் 1995 வரை 384 கேண்டில்களைக் கொண்ட வடிகட்டி சோதிக்கப்பட்டது. குழாய்களுக்கிடையே சாம்பல் பாலம்போல் இறுகி அவற்றை முறித்தமை அச்சோதனை தந்த முக்கியப் பாடமாகும். சுடுமண்ணின் பழைய பலவீனமாகிய நொறுங்குந்தன்மை புதிய கருவியிலும் தொடர்ந்தது.

திருச்சியும் சிங்கப்பூரும்

இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி; நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேலும் இருப்பதுண்டு. ஆதலால் நிலக்கரியை வாயுவாக்கும் முயற்சியில் தூசி நீக்கம் இந்தியாவுக்குத் தனிச் சிக்கலாயிற்று. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் 6.2 மெகாவாட் ஆற்றலுடைய செயல்விளக்க மின்நிலையத்தை அமைத்து இத்துறையில் ஆய்வு மேற்கொண்டமை தமிழகத் தொழில் வரலாற்றில் குறிக்கத்தக்கது.

சிங்கப்பூர் வேறு வழியைத் தேர்ந்தது. 1971இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1979இல் உலு பாண்டானில் முதல் குப்பை எரிப்பு ஆலை திறக்கப்பட்டது. 1992இல் வடக்கே செனோக்கோவிலும் ஆலை எழுந்தது. இத்தகைய ஆலைகளில் எரிவாயுவின் வெப்பத்தைக் கொதிகலன் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே, குளிர்ந்தபின் வடிகட்டுவதில் இழப்பு பெரிதன்று. புகையின் அமிலத்தன்மையைப் போக்கத் தூவப்படுவது சுண்ணாம்புத்தூள் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. அன்று சுண்ணாம்புக் கம்பத்தில் புகைக்குக் காரணமாயிருந்த பொருளே இன்று புகையைத் தூய்மையாக்குகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு கருத்துகளை நாம் பெறலாம். முதலாவது, நுண்துளைச் சுடுமண் வடிகட்டியை மேலை ஆய்வகங்கள் வெறுங்கையோடு தொடங்கிப் படைக்கவில்லை. மண்ணின் பதம், தீயின் அளவு, துளையின் பயன் ஆகியவற்றைத் தலைமுறைகளாகக் கண்டறிந்தோரின் அறிவு அதன் அடியில் உள்ளது. குயவுத்தொழிலைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மை இத்தொடர்ச்சியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இரண்டாவது கருத்து இன்னும் முக்கியமானது. கேண்டில் வடிகட்டியை உருவாக்கத் தூண்டியவற்றுள் சுழலியின் இதழைக் காக்க வேண்டும் என்னும் தேவை முதன்மையானது. சிராங்கூன் சாலையில் சூளை மூட்டிய கைதியின் மார்பைக் காக்க அத்தகைய தேவையை எவரும் உணரவில்லை. பதக்கம் செங்கல்லுக்குக் கிடைத்தது. புகை தொழிலாளிக்குக் கிடைத்தது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் எந்தக் கருவி எப்போது தோன்றியது என்று கேட்பதோடு நில்லாமல், அது யாரைக் காத்தது, யாரைக் காவாது விட்டது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவோடு சிங்கப்பூர்ச் சூளைகளின் வரலாறு மீண்டும் எழுதப்படுமாயின், அவ்வுழைப்பாளருக்கு உரிய இடம் கிடைக்கும்.