பல்லும் சொல்லும்: பற்சொத்தை ஆராய்ச்சியின் வரலாறு

எழுத்துகளின் பிறப்பை விளக்கப் புகுந்த தொல்காப்பியர், நெஞ்சு, மிடறு, தலை, நா, இதழ், மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் ஒலி பிறத்தற்குரிய உறுப்பாக எண்ணினார். நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்தும்போதுதான் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழைத் தொட்டாலன்றி வகரம் திருந்த ஒலிக்காது. தமிழ் என்னும் சொல்லின் முதலெழுத்தே பல்லின் துணையை வேண்டி நிற்கிறது. 'பல் போனால் சொல் போச்சு' என்று நம் முதியோர் கூறியது வெறும் நகைச்சுவை அன்று. மொழியியல் உண்மையும் அதுவேயாம்.

பிற மொழிகள் வழங்கும் நகரங்களில் குடியேறி, நம் மக்களின் நாவில் தமிழ் நிலைக்கவேண்டுமே என்று கவலையுறும் நாம், அத்தமிழை ஒலிக்கும் பல்லைக் குறித்தும் சிறிது சிந்திப்பது பொருத்தமுடையது. சொத்தை விழுந்த பல்லைப் பிடுங்கி எறிவதே வழக்கமாயிருந்த நிலை மாறி, அதனை அடைத்துக் காக்கவும், சொத்தை வாராமலே தடுக்கவும் மனிதன் எவ்வாறு கற்றான்? அக்கல்விக்கு விலை கொடுத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

பூச்சி என்னும் நம்பிக்கை

'பல்லில் பூச்சி அரித்துவிட்டது' என்று இன்றும் நம் வீடுகளில் கூறுகிறோம். கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு, அப்புகையை வாயில் ஏற்றுப் பூச்சியை வெளியேற்றும் வழக்கம் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்தது. இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கை அன்று. பல்வலிக்குக் காரணம் ஒரு புழுவே எனப் பாபிலோனிய மக்களும் களிமண் பலகைகளில் எழுதிவைத்தனர். ஐரோப்பியரும் பல நூற்றாண்டுகள் அவ்வாறே நம்பினர்.

ஆயினும் நம்பிக்கை எதுவாயினும் கை சும்மா இருக்கவில்லை. இன்றைய பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானத்திலுள்ள மெகர்கர் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங்கல்லறைகளில், ஒன்பது பேருடைய கடைவாய்ப் பற்கள் பதினொன்றில் துளையிட்ட அடையாளங்கள் காணப்பட்டன. அவை ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2006-ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். மணிகளைத் துளைப்பதற்குரிய கல்முனைக் கருவிகள் அங்கு வழக்கில் இருந்தன. அத்தகைய கருவியே பல்லையும் துளைத்திருக்க வேண்டும் என்பது அவர்தம் துணிபு. துளையின் விளிம்புகள் தேய்ந்திருத்தலால், அம்மக்கள் அதன்பின்னும் உயிர்வாழ்ந்து உண்டனர் என்பது தெளிவு. சுலோவீனிய நாட்டில் கிடைத்த 6,500 ஆண்டுப் பழமையுடைய பல்லொன்றில் தேன்மெழுகு பூசப்பட்டிருந்ததை 2012-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று.

பூச்சி என்னும் கருத்தை அசைத்தவருள் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார். 1728-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூல், பல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கியும் புழு எதனையும் தாம் காணவில்லை என்று கூறிய அவர், இனிப்பு பல்லுக்குப் பகை என்பதையும் எடுத்துரைத்தார்.

இரசக்கலவைப் போர்

சொத்தையைச் சுரண்டியபின் அக்குழியை எதனால் நிரப்புவது? செல்வர் பொன் தகட்டைத் திணித்துக்கொண்டனர். ஏனையோருக்குப் பல்லைப் பிடுங்குவதன்றி வேறு வழியில்லை. 1826-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து ஒகுஸ்த் தவோ என்பவர் வெள்ளியையும் பாதரசத்தையும் கலந்த குழம்பைப் பயன்படுத்தலானார். 1833-இல் குரோக்கூர் என்னும் குடும்பத்தார் இக்கலவையை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று, அரச குடும்பத்துக்குரியது போன்ற பகட்டுப் பெயர் சூட்டி விற்றனர். சொத்தையை முழுதும் நீக்காமலே அடைத்த அவர்களால் துன்புற்றோர் பலர்.

இதனைக் கண்டு கொதித்த அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், இரசக்கலவையைக் கையாள மாட்டோம் என்று உறுப்பினர் யாவரும் கையொப்பமிட்டு உறுதி கூறவேண்டும் என 1845-ஆம் ஆண்டில் கட்டளையிட்டது. மறுத்தோர் வெளியேற்றப்பட்டனர். பூசல் வளர்ந்து, 1856-இல் அச்சங்கமே கலைந்தொழிந்தது. 1859-இல் புதிய சங்கம் தோன்றிற்று. பாதரசம் தீங்கு செய்யுமா என்னும் வினா அளந்து விடை காணவேண்டியது. அவர்களோ அதற்கு உறுதிமொழியால் விடை காண முயன்றனர்.

அளக்கும் பணியை மேற்கொண்டவர் கிரீன் வார்டிமன் பிளாக். பள்ளிக் கல்வியை மிகுதியும் பெறாத இவர், தாமே கருவிகளை உருவாக்கிக்கொண்டு, கலவை உலரும்போது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது என்றும், மனிதர் கடிக்கும் விசை எவ்வளவு என்றும் கணக்கிட்டார். 1895, 1896 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் வெள்ளி, வெள்ளீயம் ஆகியவற்றின் தக்க அளவை வரையறுத்தன. ஏழை எளியோரும் பல்லைக் காத்துக்கொள்ள வழி பிறந்தது.

பல்லில் விழுவது பூச்சியன்று, கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர் என்பதை இதற்குச் சற்று முன்னரே, 1890-இல், பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர் விளக்கியிருந்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கச் செய்கின்றன; அப்புளிப்பு பல்லைக் கரைக்கிறது. ஆக, 'பூச்சி அரித்தது' என்ற நம் பாட்டியரின் கூற்று, முற்றும் பொய்யெனத் தள்ளத்தக்கதும் அன்று.

விப்பெகோல்ம்: இனிப்பின் விலை

சர்க்கரை தீயது என்பது தெரிந்தாயிற்று. எவ்வளவு தீயது? அளவு முதன்மையா, உண்ணும் நேரம் முதன்மையா? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு நெஞ்சை உறுத்துவது.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரருகே விப்பெகோல்ம் என்னும் மருத்துவ இல்லம் இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியோர் அங்கு வைத்துப் பேணப்பட்டனர். 1945-ஆம் ஆண்டில் அவர்களிடையே பற்சொத்தை ஆய்வு தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அது சர்க்கரை பற்றிய ஆய்வாக மாறியது. ஒரு பிரிவினர்க்கு உணவோடு சர்க்கரை கலந்து தரப்பட்டது. வேறு பிரிவினர்க்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளுமாறு தனியே செய்த மிட்டாய்கள் உணவு வேளைகளுக்கு இடையே வழங்கப்பட்டன. சிலர்க்கு நாளொன்றுக்கு இருபத்து நான்கு. மிட்டாய்த் தொழிலாரும் இவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தனர்.

1954-இல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. உணவோடு உண்ட சர்க்கரையால் சொத்தை சிறிதே மிகுந்தது. உணவுக்கு இடையே அடிக்கடி உண்ட ஒட்டும் இனிப்பினால் பற்கள் பெருவாரியாகச் சிதைந்தன. எவ்வளவு உண்கிறோம் என்பதினும், எத்தனை முறை உண்கிறோம், எவ்வளவு நேரம் அது பல்லில் தங்குகிறது என்பனவே முதன்மை என உலகம் அறிந்தது. அதன் பயனாக, இனிப்பை வாரத்தில் சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்குத் தரும் வழக்கம் சுவீடனில் வேரூன்றிற்று.

ஆனால் அம்மனிதர்களை யாரும் இசைவு கேட்கவில்லை. கேட்டிருப்பினும் மறுமொழி கூறும் ஆற்றல் அவருட் பலர்க்கு இல்லை. மனிதரிடம் ஆய்வு நிகழ்த்துவதற்கு அவர்தம் உளமார்ந்த இசைவு இன்றியமையாதது என்று நூரம்பெர்க் நீதிமன்றம் 1947-ஆம் ஆண்டில் வகுத்துரைத்த அதே காலத்திலேதான் இதுவும் நிகழ்ந்தது. இன்று நம் மருத்துவர் 'இடைவேளையில் இனிப்பு வேண்டாம்' என்று கூறும் எளிய அறிவுரையின் பின்னே, சொல்லிழந்த மக்களின் சிதைந்த பற்கள் உள்ளன. பெற்ற பயனை மறுக்கவும் இயலாது. பெற்ற வழியை ஏற்கவும் இயலாது.

நீரின் இரு முகங்கள்

1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ சுபிரிங்சு நகருக்குத் தொழில் செய்யச் சென்ற இளைஞர் ஃபிரெடரிக் மெக்கே, அவ்வூரார் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டார். கறைபடிந்த அப்பற்களில் சொத்தை அரிதாயிருந்தது அவருக்கு வியப்பளித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1931-இல், காரணம் குடிநீரிலுள்ள ஃபுளூரைடு எனக் கண்டறியப்பட்டது. 1945 சனவரி 25-ஆம் நாள் கிராண்டு ராப்பிட்சு நகரின் குடிநீரில், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் ஃபுளூரைடு சேர்க்கப்பட்டது. பதினோராண்டு ஆய்வின் இறுதியில், அதன்பின் பிறந்த குழந்தைகளிடையே சொத்தை அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது.

ஒருபுறம் அமுதமாகிய அதுவே மறுபுறம் நஞ்சாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், மிகுதியான ஃபுளூரைடு கலந்த கிணற்று நீரைப் பருகிய உழவர்களின் பல் கறைபட்டதோடு முதுகெலும்பும் இறுகிப்போனதை, கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராயிருந்த ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1937-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். தமிழகத்தின் தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளும் இத்துன்பத்தை நெடுங்காலம் நுகர்ந்தன. ஒகேனக்கல்லினின்று காவிரி நீரை அங்குக் கொண்டுசெல்லும் திட்டம் 2013-இல் செயற்பட்டது. அமெரிக்கர் நீரில் ஃபுளூரைடைச் சேர்க்கப் பாடுபட்டனர். நாமோ அதனை நீக்கப் பாடுபடுகிறோம். ஓரிடத்து மருந்து பிறிதோரிடத்தும் மருந்தாகும் என்று கொள்ளலாகாது. அந்தந்த மண்ணை ஆராய்ந்தே முடிவு காணவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டு முயற்சி

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் வங்கத்தைச் சேர்ந்த இரஃபியுதீன் அகமது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்ற இவர், 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்கு வேண்டிய பொருளை, அந்நகரில் தாம் நடத்திய சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடையின் வருவாயிலிருந்தே திரட்டினார் என்பது சுவையான செய்தி. பல்லைக் கெடுக்கும் இனிப்பே பல்லைக் காக்கும் கல்விக்கு முதலாயிற்று! பல்லை அடைத்துக் காக்கும் முறை குறித்து மாணவர்க்கென நூலும் எழுதினார். தாம் வளர்த்த நிறுவனத்தை 1949-இல் அரசிடமே ஒப்படைத்தார். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், தொழிலுக்கு ஒழுங்கு வகுத்தது. சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று.

அடைக்கும் பொருளிலும் மாற்றங்கள் தொடர்ந்தன. 1955-இல் மைக்கேல் புவனகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சிறிது சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாக ஒட்டும் எனக் காட்டினார். ரஃபேல் போவென் உருவாக்கிய பிசினால் பல்லின் நிறத்திலேயே அடைப்புகள் வந்தன. இலண்டனில் வில்சன், கென்ட் என்னும் இருவர் 1970-களின் தொடக்கத்தில் கண்ட கண்ணாடித்தூள் சிமெண்டு, பல்லோடு தானே ஒட்டி, ஃபுளூரைடையும் கசியவிடுவது. இதனைக் கொண்டு, மின்சாரமும் துளைப்பொறியும் இன்றிக் கைக்கருவியாலேயே சொத்தையை நீக்கி அடைக்கும் முறை, 1980-களின் இடையில் தான்சானியாவில் தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவிற்று.

பழைய இரசக்கலவைப் பூசலுக்கும் முறையான விடை தேடப்பட்டது. அமெரிக்காவில் 534 குழந்தைகளையும் இலிசுபனில் 507 குழந்தைகளையும் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய இரு ஆய்வுகள் 2006-இல் வெளிவந்தன. இரசக்கலவை பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறனில் குறை காணப்படவில்லை. பிசின் அடைப்புகளே மிகுதியாகப் பழுது பார்க்க வேண்டியிருந்தன. எனினும் பாதரசம் நீரையும் நிலத்தையும் கெடுப்பதால், 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அதனைக் குறைக்கப் பணித்தது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவர் இன்றியமையாததெனக் கருதும் நிலையிலன்றி, அதனை விலக்கியுள்ளது. வாய்க்குப் பெருந்தீங்கு செய்யாதது மண்ணுக்குத் தீங்காகலாம் என்பதும் ஓர் அறிவே.

நாம் கொள்ளத்தக்கது

உலக மக்களுள் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோயுற்றுள்ளனர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் அறிவித்தது. ஆயிரமாயிரம் ஆண்டு முயற்சிக்குப் பின்னும் நிலை இதுவே. காரணம், அடைக்கக் கற்றோம். தடுக்கக் கற்றதை நடைமுறையில் கொள்ளவில்லை.

நம் விருந்தில் இனிப்பை இலையின் ஓரத்தில் முதலில் இடுவர். பாயசமும் உணவோடு அமையும். உண்டபின் வாய் கொப்பளித்தல் கட்டாயம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் காலைக் கடனாக இருந்தன. விப்பெகோல்ம் ஆய்வு கண்ட முடிவோடு இவ்வொழுங்கு எவ்வளவு இயைகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இன்றோ, ஊருக்குச் செல்லும் நெடிய இரயில் பயணத்தில், ஒவ்வொரு நிலையத்திலும் அழும் குழந்தையின் கையில் ஒரு மிட்டாய் வைக்கிறோம். தாத்தா பாட்டியைக் காணும் ஆவலோடு செல்லும் அக்குழந்தை, அவர்களிடம் தமிழில் பேசவேண்டும் என்பதும் நம் விருப்பமே.

அம்மிட்டாயை உணவு வேளைவரை காத்திருக்கச் செய்தல் பெரிய தவம் அன்று. இரவில் பல் துலக்கியபின் உறங்கச் செய்தலும் அரிய செயல் அன்று. இவ்விரண்டையும் நமக்கு உறுதிப்படுத்தித் தந்தவர்களுள், தம் துன்பத்தைச் சொல்லவும் வாயற்றுப் போனோர் இருந்தனர். அவர்களுக்கு நாம் செய்யத்தக்க நன்றி, நம் பிள்ளைகளின் பல்லையும் சொல்லையும் காத்தலே ஆகும்.