பல்பண்புத் தேர்வு (பயிர் இனவிருத்தி)

மகசூல், வயது, நோய் எதிர்ப்பு, தானியத்தின் தரம் எனப் பல பண்புகளை ஒருசேர எடைபோட்டுப் பெற்றோர் செடிகளையும் அவற்றின் வழித்தோன்றல்களையும் தெரிந்தெடுக்கும் முறை பல்பண்புத் தேர்வு எனப்படும். விதைக்குக் கதிர் ஒதுக்கிய உழவர்கள் இதைத் தொன்றுதொட்டே செய்துவந்தார்கள். கதிர் மணி பிடித்திருக்க வேண்டும், பயிர் சாயாமல் நின்றிருக்க வேண்டும், சோறும் ருசிக்க வேண்டும். இதற்குக் கணக்கும் கோட்பாடும் 20ஆம் நூற்றாண்டில்தான் வகுக்கப்பட்டன.

ஒற்றைப் பண்பை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மக்காச்சோளச் சோதனை சான்று. 1896இல் சிரில் ஹாப்கின்ஸ் தொடங்கிய இச்சோதனையின் ஒரு வரிசையில், எண்ணெய் அளவை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 4.7 சதவீதமாக இருந்த எண்ணெய், நூறு தலைமுறைக்குள் 20 சதவீதத்தை எட்டியது. ஆனால் விளைச்சலில் அந்த வரிசை வணிக ரகங்களுக்கு அருகில்கூட வரவில்லை.

பண்புகள் கூடக்கூடத் தேர்வு கடினமாகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பண்புகளில், ஒவ்வொன்றிலும் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் வரும் செடி வேண்டுமென்றால், ஆயிரத்தில் ஒன்றுதான் தேறும். ஐந்து பண்புகள் என்றால் லட்சத்தில் ஒன்று. பண்புகள் எதிரெதிராக இழுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். கோதுமையில் மகசூல் ஏறினால் புரதம் பெரும்பாலும் இறங்கும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. ஒரு பண்பைச் சில தலைமுறைகள் சீராக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது முதல் வழி. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்து, ஏதாவது ஒன்றில் தவறிய செடியைக் கழித்துவிடுவது இரண்டாவது. மூன்றாவது, தேர்வுக் குறியீட்டெண்: பண்புகளுக்கு அவற்றின் பொருளாதார மதிப்பையும் மரபுவழிக் கடத்தலையும் பொறுத்து எடை தந்து, செடிக்கு ஒரே மதிப்பெண் இடுவது. ஆர்.ஏ. ஃபிஷரின் புள்ளியியல் முறையைத் தழுவி 1936இல் ஃபேர்ஃபீல்ட் ஸ்மித் கோதுமைக்கு இதை வகுத்தார். 1943இல் லானாய் ஹேசல் கால்நடைகளுக்காக இதன் மரபியல் அடிப்படையை விரித்தெழுதினார். நோய் எதிர்ப்புக்கு விலை வைப்பது எப்படி என்ற சிக்கல் இருந்தது. 1969இல் பெசெக், பேக்கர் இருவரும், விலைக்குப் பதிலாக ஒவ்வொரு பண்பிலும் விரும்பும் முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்ளும் முறையைத் தந்தார்கள். கணக்கில் மூன்றாவது வழியே சிறந்தது. வயலிலோ இனவிருத்தியாளர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே நம்பினார்கள். நோயில் விழுந்த செடியை மதிப்பெண் காப்பாற்றாது.

பல பண்புகளை ஒருசேரப் பார்க்க வேண்டிய தேவையை நெல்லின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8ஐ வெளியிட்டது. இந்தோனேசியாவின் பேட்டா, தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் ஆகிய ரகங்களை பீட்டர் ஜென்னிங்ஸ் ஒட்டுச் சேர்க்க, ஹென்றி பீச்செல் அதன் சந்ததியில் தேர்ந்தெடுத்த குட்டை ரகம் அது. ஆய்வு நிலைய வயலில் ஹெக்டேருக்கு 9 டன்னைத் தாண்டியது. ஆனால் அரிசி சுண்ணாம்பு நிறம், சோறு ஆறினால் கெட்டி. நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் இரையானது. அடுத்து, 1969இல் வந்த ஐ.ஆர். 20இன் பெற்றோரில் ஒன்று தமிழ்நாட்டின் திரூர்க்குப்பம் நிலையத்து டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக அது சேர்க்கப்பட்டது. ஐ.ஆர். 20 தமிழக வயல்களில் நெடுநாள் நிலைத்தது. 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26 புகையான் என்ற பூச்சியைத் தாங்கியது. ஆனால் அதை ஒரே மரபணு காத்து நின்றதால், சில ஆண்டுகளில் பூச்சி அதை வென்றுவிட்டது.

பல்பண்புத் தேர்வின் பெரிய வெற்றி, குர்தேவ் குஷ் தலைமையில் உருவாகி 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36. அதன் வம்சத்தில் ஆறு நாடுகளின் 13 ரகங்கள் உண்டு. புல்போல் குட்டையாக்கும் வைரஸ் நோய்க்கு எதிர்ப்புத் தேடி 6,000க்கும் மேற்பட்ட நெல் வகைகள் சோதிக்கப்பட்டன. அந்த எதிர்ப்பு இந்தியாவின் காட்டு நெல்லான ஒரைசா நிவாராவில்தான் கிடைத்தது. ஐ.ஆர். 8க்கு சுமார் 130 நாள் வயது என்றால், இது 110 நாளில் அறுவடைக்கு வந்தது. 1980களில் உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது. இருந்தும் சோற்றின் பதத்தில் குறை இருந்தது. அதைத் தீர்த்தது, சோற்றின் பதத்தைத் தீர்மானிக்கும் மாவுச்சத்தான அமைலோஸை நடுத்தர அளவில் கொண்ட ஐ.ஆர். 64 (1985). மகசூல் முதலில், நோய் எதிர்ப்பு பிறகு, ருசி கடைசியில் என்ற அந்த வரிசை, உண்பவருக்கு இழைத்த அநீதி என்றே சொல்ல வேண்டும். ஐ.ஆர். 8இலிருந்து அந்த ருசியை எட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போயின.

வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று டி.என்.ஏ.வில் காட்டும் மூலக்கூறுக் குறிப்பான்கள் வந்தபின் பாதை சுருங்கியது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லில் கண்டறியப்பட்ட சப்1 மரபணுவைச் சுவர்ணா என்ற நெல் ரகத்தில் சேர்த்தபோது, அதன் மற்ற குணங்கள் கெடாதபடி ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. சோதனையால் செடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் பிழைக்கும் அந்தச் சுவர்ணா-சப்1, 2009இல் இந்தியாவில் சாகுபடிக்கு வெளியிடப்பட்டது.