சாய்ந்த கண்ணாடியும் சரியான காற்றும்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். மழைநாளில் முன்கண்ணாடி மங்கினால், அத்தனை தூரத்தையும் ஓட்டுநர் சாலையைக் காணாமலே கடக்கிறார். பயணிகளின் மூச்சிலும் நனைந்த உடைகளிலும் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நுண்துளிகளாகப் படிவதே இந்த மங்கலுக்குக் காரணம்.

இதைப் போக்கவே டேஷ்போர்டின் மேல்பகுதியில், கண்ணாடியை ஒட்டி நீண்ட பிளவுகள் வைக்கப்பட்டுள்ளன. எந்தப் பரப்பையும் ஒட்டி மந்தமான காற்றுப் படலம் ஒன்று நிற்கும். வெப்பம் கடப்பதற்கு அதுவே தடை. பிளவிலிருந்து சீறி எழும் காற்று கண்ணாடியில் மோதும் இடத்தில் அந்தப் படலம் மிக மெலிகிறது. வெப்பமும் அங்கேதான் விரைந்து பாய்கிறது.

காற்று நேர்குத்தாக மோதினால் இருபுறமும் சமமாகப் பிரியும். சாய்வாக மோதும்போது பெரும்பகுதி கண்ணாடியின் மேல்நோக்கி ஓடிவிடுகிறது. வெப்பம் மிகுதியாகக் கடக்கும் இடமோ, சற்றுக் கீழே, பிளவை நோக்கி நகர்கிறது. ஆகவே அங்கே ஒரு திட்டு முதலில் தெளிந்து மேலே விரிகிறது. மூலைகள் கடைசிவரை மங்கலாகவே இருக்கின்றன.

விசிறியின் வேகத்தைக் கூட்டினால் போதும் என்பது முழு உண்மையன்று. காற்றின் வேகம் இருமடங்கானாலும் வெப்பம் கடக்கும் திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே உயரும். காற்று எங்கே மோதுகிறது என்பதே முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதியும் காற்றின் வேகத்தை அளக்கவில்லை. மைனஸ் 3 டிகிரிக் குளிரில், ஓட்டுநரின் முதன்மைப் பார்வைப் பகுதியில் 90 சதவீதம் 10 நிமிடங்களுக்குள் தெளிய வேண்டும் என்றே கேட்டது.

நம் கார்களில் நான் அடிக்கடி காண்பது வேறு. சாமி சிலை, பொம்மை, டிஷ்யூ பெட்டி, சுங்கச்சாவடி ரசீதுகள் எனப் பிளவுகளின் மேல் ஒரு கொலுவே வைக்கப்பட்டிருக்கிறது. பாதி அடைபட்ட பிளவுக்கு எதிரே உள்ள கண்ணாடி எப்படித் தெளியும்?

உள்ளே மங்கினால் ஏசியை இயக்குங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உட்காற்றையே சுழற்றாமல் வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். மங்கல் வெளிப்புறத்தில் என்றால், வைப்பரை இயக்கி உள்ளே குளிரைக் குறையுங்கள்.

புதிய காரை ஒப்படைக்கும்போது பாட்டுப்பெட்டியை இயக்கக் கற்றுத்தரும் விற்பனையாளர்கள், இந்த ஒரு பொத்தானையும் விளக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்விலும் இதற்கு ஒரு கேள்வி இடம்பெறுவது நல்லது என்பது என் கருத்து.