பஞ்சமி நிலம்: ஆறு சொற்களின் வரலாறு

நில மீட்புக்காகத் தாலுகா அலுவலகம் போகும் இளம் தோழர்கள் பலர் முதலில் தோற்பது சொற்களிடம்தான். "அவரிடம் கிரயப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, கிஸ்தி கட்டுகிறார். உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டதும் திரும்பி விடுகிறோம். அந்தச் சொற்களின் வரலாறு தெரிந்தால் திரும்ப வேண்டியதில்லை.

மிராசு என்பது பரம்பரை உரிமையைக் குறிக்கும் அரபு வழிச் சொல். செங்கல்பட்டு மாவட்ட மிராசுதாரர்கள் பயிர் நிலத்தோடு நிற்கவில்லை. ஊர்த் தரிசிலும் தங்களுக்கே முதல் உரிமை என்றார்கள்.

தர்காஸ்து என்பது தரிசு நிலம் கேட்டு அரசிடம் போடும் விண்ணப்பம். பறையர் ஒருவர் தர்காஸ்து போட்டால், அதே நிலத்தை மிராசுதாரர் கேட்க, விதி அவருக்கே முன்னுரிமை தந்தது. உழுதவர் பண்ணையாளாகவே இருந்தார். பல சேரிகளில் குடிசை நின்ற மனைகூட அவருக்குச் சொந்தமில்லை. இதையெல்லாம் 1891இல் அறிக்கையாக எழுதியவர் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர். அதன் தொடர்ச்சியாக 30.9.1892 அன்று சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் பிறந்தது. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒப்படை என்பது அரசு ஒருவருக்கு நிலம் வழங்குவது. பஞ்சமி நிலம் நிபந்தனையுள்ள ஒப்படை. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.

கிரயம் என்பது விற்பனை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வாங்கியவர் மறுபடி விற்கவே கூடாது என்ற தடை செல்லாது என்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் எடுப்பார். ஆனால் அரசு வழங்கிய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று, பின்னர் நீக்கப்பட்ட 1895ஆம் ஆண்டின் அரசு மானியச் சட்டம் சொன்னது. ஆகவே ஒப்படை நிபந்தனை நிற்கும். அதை மீறி எழுதிய கிரயம் பதிவாகியிருந்தாலும், பதிவு அதைச் செல்லுபடி ஆக்கிவிடாது.

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. கிஸ்தி நிலவரித் தவணை. வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக அரசு வைத்த கணக்கு இவை. இவற்றால் மட்டும் உரிமைமூலம் உண்டாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பட்டா பெயர் மாறியதாலேயே பஞ்சமி நிலம் பஞ்சமி நிலம் அல்லாமல் போய்விடாது.

இது வெறும் சொல் விளக்கம் அல்ல. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிரிழந்தார்கள்.

உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். எந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி. நிலம்' என்றிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள்.